பிரிட்டனில் முதல் வேலை: பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தைப் பயன்படுத்தும் முறை

பிரிட்டனுக்குப் புதிதாக வந்து உணவகச் சமையலறையிலோ கிடங்கிலோ முதியோர் பராமரிப்பு இல்லத்திலோ வேலைக்குச் சேரும் நம்மவர்கள், முதல் வாரத்திலேயே ‘ஹெல்த் அண்ட் சேஃப்டி’ என்ற சொல்லைப் பலமுறை கேட்டுவிடுவார்கள். ஒரு காணொளியைப் போட்டுக் காட்டுவார்கள், ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பெரும்பாலோருக்கு விஷயம் அத்துடன் முடிந்துவிடுகிறது. அந்தச் சட்டம் யார் தோளில் சுமையை ஏற்றுகிறது, தனக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இந்நாட்டில் சமையலறை உதவியாளாக வேலைக்குச் சேர்ந்து, பின்னர் சிறு உணவகங்களின் பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தவன் என்பதால், இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் சமையலறையிலிருந்தே எடுத்திருக்கிறேன். சட்டமோ எல்லாப் பணியிடங்களுக்கும் பொதுவானது.

முதலில் சட்டத்தின் போக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய மூன்றுக்கும் அடித்தளமாக இருப்பது 1974ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டம். வட அயர்லாந்துக்கு 1978இல் பிறப்பிக்கப்பட்ட தனி ஆணையும் தனி அமைப்பும் உண்டு. கடமைகள் ஏறக்குறைய ஒன்றே. 1974க்கு முன்பு தொழிற்சாலைக்கு ஒரு சட்டம், சுரங்கத்துக்கு ஒரு சட்டம், அலுவலகத்துக்கும் கடைக்கும் ஒரு சட்டம் எனத் தனித்தனியாக இருந்தன. எந்த எந்திரத்துக்கு எப்படி வேலி போடவேண்டும் என்பது வரை அவை விதித்தன. ஆனால் எந்தச் சட்டத்திலும் அடங்காத தொழிலாளர்கள் பல லட்சம் பேர் வெளியே நின்றார்கள். ராபென்ஸ் பிரபு தலைமையிலான குழு 1972இல் தந்த அறிக்கை இந்த முறையை மாற்றச் சொன்னது. ஆபத்தை உண்டாக்குபவரே அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பது அதன் சாரம். 1966இல் வேல்ஸின் அபர்ஃபானில் நிலக்கரிக் கழிவுக் குன்று சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தபோது, தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவராக இருந்தவரும் இதே ராபென்ஸ்தான் என்பதை இங்கே குறிப்பிடாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்தின் 2ஆம் பிரிவு, ஒவ்வொரு முதலாளியும் தம்மிடம் வேலை செய்பவர்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் நலனையும் ‘நியாயமாக இயன்ற அளவுக்கு’ உறுதிசெய்யவேண்டும் என்கிறது. இந்தத் தொடரை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு, “எங்களால் இயன்றது இவ்வளவுதான்” என்று சொல்லும் மேலாளர்கள் உண்டு. அதன் பொருள் அதுவன்று. 1949ஆம் ஆண்டின் எட்வர்ட்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குத் தந்த விளக்கம் இன்றும் செல்லுபடியாகிறது. ஒரு தட்டில் ஆபத்தையும், மறு தட்டில் அதைத் தவிர்க்கத் தேவைப்படும் பணம், நேரம், உழைப்பு ஆகியவற்றையும் வைத்துப் பார்க்கவேண்டும். ஆபத்தோடு ஒப்பிடும்போது செலவு மிகப் பெரிய அளவில் பொருந்தாமல் இருந்தால் மட்டுமே முதலாளி அதைச் செய்யாமல் விடலாம். வழக்கு என்று வந்தால், இதற்கு மேல் செய்ய இயலாது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் 40ஆம் பிரிவின்படி முதலாளியுடையதே.

தொழிலாளிக்கும் கடமை உண்டு. 7ஆம் பிரிவின்படி, தம்மையும் தம் செயலால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர்களையும் காத்துக்கொள்ளும் வகையில் நாம் கவனமாக நடக்கவேண்டும், முதலாளியின் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு ஒத்துழைக்கவேண்டும். எந்திரத்தின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்தால் நம்மீதும் வழக்கு வரலாம்.

முதல் நாளில் கண்ணால் தேடவேண்டியவை

வேலையில் சேர்ந்த அன்றே பத்து நிமிடம் ஒதுக்கிச் சுற்றிப் பாருங்கள். எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் பணியிடப் பாதுகாப்புச் சட்டச் சுவரொட்டி இருக்கவேண்டும். இல்லையென்றால் அதற்கு ஈடான கையேட்டை உங்களிடம் தந்திருக்கவேண்டும். முதலாளியின் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழையும் தேடுங்கள். வேலை செய்யும்போது உங்களுக்குக் காயமோ நோயோ ஏற்பட்டு இழப்பீடு தரவேண்டி வந்தால் அந்தப் பணம் இந்தக் காப்பீட்டிலிருந்தே வரும். 1969ஆம் ஆண்டின் சட்டப்படி இது கட்டாயம். குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு எடுத்திருக்கவேண்டும். எடுக்காமல் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்க வழியுண்டு. சான்றிதழைக் கணினியில் வைத்திருந்தாலும் தவறில்லை, ஆனால் நீங்கள் திறந்து பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் முடிவு நாளையும் உங்கள் தொலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலுதவிப் பெட்டி எங்கே, முதலுதவிக்குப் பொறுப்பானவர் யார், விபத்துப் பதிவேடு யாரிடம் இருக்கிறது, தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக வெளியேறி எங்கே கூடவேண்டும் என்ற நான்கையும் வாய்விட்டுக் கேளுங்கள். தீப்பிடித்தால் வெளியேறவேண்டிய கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். அதன் முன்னால் வெங்காய மூட்டையோ குளிர்பானப் பெட்டிகளோ அடுக்கப்பட்டிருந்தால், அதை முதல் நாளே சொல்லவேண்டும்.

இடர் மதிப்பீட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

இதுதான் மையமான வேலை. 1999ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு மேலாண்மை விதிகள் ஒவ்வொரு முதலாளியும் இடர் மதிப்பீடு செய்யவேண்டும் என்கின்றன; வேலையிடத்தில் இதை ‘ரிஸ்க் அசெஸ்மென்ட்’ என்றே சொல்வார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் அதன் முக்கிய முடிவுகள் எழுத்தில் இருக்கவேண்டும். பாதுகாப்புக் கொள்கையை எழுதி வைக்கவேண்டிய கட்டாயமும் அதே எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. ஐந்துக்குக் குறைவு என்றால் எழுதவேண்டிய கட்டாயம் இல்லையே தவிர, மதிப்பிடவேண்டிய கட்டாயம் உண்டு. சிறு கடைக்காரர்கள் பலர் இந்த வேறுபாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நல்ல மதிப்பீட்டுக்கும் பெயரளவில் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் படித்தவுடன் கண்டுகொள்ளலாம். ஓர் உணவகத்தில் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் தொங்கவிட்டிருந்த மதிப்பீட்டை எடுத்துப் பார்த்தேன். ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவதில் உள்ள ஆபத்துக்கு அதில் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்; இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசாமல் நடக்க முடியாத அந்தச் சமையலறையில் தினமும் கொதித்த எண்ணெய் ஃப்ரையரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இணையத்திலிருந்து எடுத்து நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். இப்படிப்பட்ட தாள் யாருக்கும் உதவாது. ஆய்வாளர் வந்தால் அது முதலாளிக்கு எதிரான சான்றாகவே நிற்கும்.

எச்.எஸ்.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பணியிடப் பாதுகாப்பு நிர்வாக அமைப்பு, மதிப்பீட்டுக்கு ஐந்து கட்டங்களைச் சொல்கிறது: ஆபத்து எங்கே இருக்கிறது என்று காண்பது, யாருக்கு எப்படித் தீங்கு வரும், எவ்வளவு தீவிரமாக வரும் என எடைபோடுவது, கட்டுப்படுத்துவது, எழுதி வைப்பது, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது. இவற்றை மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு வேலையை எடுத்துச் செய்து பார்ப்பது மேல்.

நம் உணவகங்களில் 20 கிலோ அரிசி மூட்டை வரும். 20 லிட்டர் எண்ணெய் டின் வரும், அது ஏறத்தாழ 18 கிலோ எடை. இவ்வளவு எடைக்கு மேல் தூக்கக்கூடாது என்று 1992ஆம் ஆண்டின் சுமை கையாளும் விதிகளில் எண் எதுவும் இல்லை. ஆனால் எச்.எஸ்.இ.யின் வழிகாட்டுதலில் ஒரு வரைபடம் உண்டு. இடுப்பு உயரத்தில், உடலோடு ஒட்டிப் பிடித்தபடி தூக்குவதென்றால் ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ வரை பொதுவாகத் தாங்கும் என்கிறது அது. அதே சுமை தரை மட்டத்தில் இருந்தால் அந்த அளவு ஆண்களுக்கு 10 கிலோவாகவும் பெண்களுக்கு 7 கிலோவாகவும் சரிந்துவிடுகிறது. கையை நீட்டித் தூக்கினால் இன்னும் குறையும். ஆகவே அந்த அரிசி மூட்டையைத் தரையிலிருந்து தூக்கும் ஆண், வழிகாட்டும் அளவைப்போல் இரு மடங்கைத் தூக்குகிறார். இதற்கு முதலாளி என்ன செய்யவேண்டும்? “முழங்காலை மடக்கித் தூக்கு” என்று சுவரொட்டி ஒட்டுவது கடைசி வழி. மூட்டை இறங்கும்போதே இடுப்பு உயரத் தட்டில் இறக்கிவைக்க ஏற்பாடு செய்யலாம், 10 கிலோ மூட்டையாகத் தரச்சொல்லலாம், ஒரு தள்ளுவண்டி வாங்கலாம். மூன்றும் அதிகச் செலவில்லாதவை. எனவே ‘நியாயமாக இயன்றவை’.

சட்டம் எதிர்பார்க்கும் வரிசையும் இதுதான். முதலில் ஆபத்தையே அகற்றமுடியுமா, இல்லையென்றால் குறைந்த ஆபத்துள்ள ஒன்றை மாற்றாக வைக்கமுடியுமா, பிறகு தடுப்பு, மூடி, காற்றுப்போக்கி போன்ற ஏற்பாடுகள், அதன்பின் வேலை செய்யும் முறையும் பயிற்சியும், எல்லாம் போக எஞ்சிய ஆபத்துக்கு மட்டுமே கையுறையும் கண்ணாடியும். கையுறையைக் கொடுத்துவிட்டு “எல்லாம் செய்துவிட்டோம்” என்பவர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்.

ஃப்ரையர் எண்ணெயும் அப்படித்தான். நான் சேர்ந்த முதல் சமையலறையில், இரவு பதினொன்றரைக்குக் கடை மூடியதும் சூட்டோடு சூடாக எண்ணெயை வாளியில் இறக்கி, கழுவிய ஈரத் தரையில் நடந்து பின்வாசலுக்குக் கொண்டுபோவோம். ஒரு நாள் என்னுடன் வேலை செய்த தம்பி வழுக்கி விழுந்தான். வலது முன்கையின் தோல் உரிந்து வந்தது. பதிவேட்டில் யாரும் எழுதவில்லை. எழுதவேண்டும் என்று எங்களுக்குத் தெரியவுமில்லை. அதற்குத் தீர்வாக அங்கே கடைசியில் செய்தது ஒன்றே ஒன்றுதான்: எண்ணெயை இரவில் இறக்குவதை நிறுத்திவிட்டு, மறுநாள் காலை அடுப்பைப் பற்றவைக்குமுன் ஆறிய எண்ணெயை இறக்கத் தொடங்கினார்கள். 40 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறிய பிறகே இறக்கவேண்டும் என்பதுதான் இங்கே வழிகாட்டுதல். ஒரு காசும் செலவாகாத மாற்றம் அது. தம்பியின் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்பவர்கள் கையைக் கவனிக்கவேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை நீரிலிருந்தாலோ, இருபது முறைபோலக் கை கழுவினாலோ தோல் அழற்சி வரும் வாய்ப்பு உயர்கிறது. துப்புரவு இரசாயனங்கள் 2002ஆம் ஆண்டின் அபாயப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் வருகின்றன. வேலையிடத்தில் ‘காஷ்’ என்பார்கள். அபாயகரமான எந்த இரசாயனத்துக்கும் உற்பத்தியாளரின் பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. தாளை மட்டும் கோப்பில் வைத்திருப்பது மதிப்பீடு ஆகாது; அந்தத் திரவத்தை உங்கள் சமையலறையில் யார், எப்படி, எவ்வளவு நேரம் கையாள்கிறார்கள் என்று பார்த்திருக்கவேண்டும்.

காசு பிடிப்பதும் ஓய்வு மறுப்பதும்

பாதுகாப்புக்காகச் சட்டம் கட்டாயமாக்கிய எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக்கூடாது என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. இடர் மதிப்பீட்டின்படி வழுக்காத காலணியோ வெட்டுப்படாத கையுறையோ தேவை என்றால், அதை முதலாளிதான் வாங்கித்தரவேண்டும், சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. நிரந்தர ஊழியராக இல்லாமல் அவ்வப்போது அழைக்கப்படும் தொழிலாளர்களுக்கும் 2022 ஏப்ரல் 6 முதல் இந்த உரிமை விரிவாக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்புப் பயிற்சி வேலை நேரத்திலேயே நடக்கவேண்டும். “விடுமுறை நாளில் வந்து காணொளி பார்த்துவிட்டுப் போ, அதற்குக் கூலி கிடையாது” என்பது முறையன்று.

ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் இடையில் 20 நிமிட இடைவேளை, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையே 11 மணி நேர ஓய்வு, சராசரியாக வாரத்துக்கு 48 மணி நேர உச்சவரம்பு ஆகியவை 1998ஆம் ஆண்டின் வேலை நேர விதிகளில் உள்ளவை. 48 மணி நேர வரம்பை விட்டுக்கொடுப்பதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அது உங்கள் விருப்பம்; போட மறுத்ததற்காக உங்களைத் தண்டிக்கமுடியாது.

விபத்து நேர்ந்தால் அன்றைக்கே செய்யவேண்டியவை

முதலில் சிகிச்சை. பிறகு, எவ்வளவு சிறிய காயமானாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்; எழுதிய பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். “கவனக்குறைவால் விழுந்தார்” என்று எழுதியிருந்தால் அப்படியே விடாதீர்கள். தரை ஈரமாக இருந்தது, விளக்கு எரியவில்லை, வாளிக்கு மூடி இல்லை என்பன போன்ற நடந்த விவரங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடமோ மருத்துவமனையிலோ இது வேலையிடத்தில் நேர்ந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்லிப் பதியவைப்பது பின்னால் மிகவும் உதவும்.

சில விபத்துகளை அரசுக்கு அறிவிக்கவேண்டும். 2013ஆம் ஆண்டின் அறிவிப்பு விதிகளை ‘ரிடோர்’ என்பார்கள். மரணம், விரல்கள் தவிர்ந்த எலும்பு முறிவு, உறுப்புத் துண்டிப்பு, உடலின் பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட தீக்காயம் போன்றவற்றை உடனடியாக அறிவித்து, பத்து நாளுக்குள் அறிக்கை அனுப்பவேண்டும். காயத்தால் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வழக்கமான வேலையைச் செய்யமுடியாமல் போனால் பதினைந்து நாளுக்குள் அறிவிக்கவேண்டும். விபத்து நடந்த நாள் கணக்கில் சேராது. இடையே வரும் விடுமுறை நாள்கள் சேரும். மூன்று நாளுக்கு மேல் என்றால் பதிவு செய்து வைத்தால் போதும். அறிவிக்கும் கடமை முதலாளியுடையது, உங்களுடையதன்று. ஆனால் அறிவித்தாரா என்று கேட்க உங்களுக்குத் தடையில்லை. எட்டாம் நாள் வரும்முன்னே “லேசான வேலை தருகிறேன், வந்து உட்கார்” என்று கூப்பிட்டால், வழக்கமான வேலையைச் செய்யமுடியாத நாள் என்ற கணக்கு அதனால் நின்றுவிடாது.

முறையிடும் வழி

முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள், ஆனால் எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். “பின்வாசல் படியில் விளக்கு மூன்று நாளாக எரியவில்லை, நேற்று நான் கால் இடறினேன், எப்போது சரிசெய்வீர்கள்?” என்று நாள், இடம், நேர்ந்தது மூன்றும் இருக்கும்படி எழுதினால் போதும். தொழிற்சங்கம் இருக்கும் இடமென்றால் அதன் பாதுகாப்புப் பிரதிநிதிக்கு 1977ஆம் ஆண்டின் விதிகளின்படி பணியிடத்தை ஆய்வு செய்யவும் ஆவணங்களைப் பார்க்கவும் அதிகாரம் உண்டு. சங்கம் இல்லாத இடத்திலும் 1996ஆம் ஆண்டின் விதிகள்படி முதலாளி தொழிலாளர்களைக் கலந்தாலோசிக்கவேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் வெளியே முறையிடலாம். தொழிற்சாலை, கட்டுமானத் தளம், பண்ணை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றை எச்.எஸ்.இ. கவனிக்கிறது. கடை, அலுவலகம், உணவகம், விடுதி, பெரும்பாலான கிடங்குகள் ஆகியவற்றை உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் நல அதிகாரிகள் கவனிக்கிறார்கள். உங்கள் பெயரை முதலாளியிடம் வெளியிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி நியாயமான எந்த நேரத்திலும் உள்ளே வரலாம், படமெடுக்கலாம், உங்களிடம் வாக்குமூலம் கேட்கலாம். குறிப்பிட்ட நாளுக்குள் குறையைச் சரிசெய்யச் சொல்லும் முன்னேற்ற அறிவிப்பையோ, கடுமையான ஆபத்து என்றால் அந்த வேலையை அங்கேயே நிறுத்தும் தடை அறிவிப்பையோ அவர் தரலாம். முதலாளி மேல்முறையீடு செய்ய 21 நாள் உண்டு. வழக்குத் தொடர்ந்து குற்றம் உறுதியானால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. தனிநபருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

ஆபத்து கண்முன்னே நிற்கும்போது

கடுமையான ஆபத்து உடனே நேரவிருக்கிறது என்று நியாயமாக நம்பினால், அதை வேறு வகையில் தவிர்க்கவும் வழியில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையை 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் காக்கிறது. 44ஆம் பிரிவு, அதற்காகச் சம்பளத்தையோ வேலை நேரத்தையோ வெட்டுவது போன்ற பாதகங்களைத் தடுக்கிறது. 100ஆம் பிரிவு, அதற்காக வேலையை விட்டு நீக்குவதைத் தானாகவே நியாயமற்ற நீக்கமாகக் கருதுகிறது. இதற்கு இத்தனை மாதம் வேலை செய்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இவ்வுரிமையைப் பயன்படுத்தும்போது “நான் வேலை செய்யமாட்டேன்” என்று சொல்லாதீர்கள். “இந்த ஏணியின் கால் உடைந்திருக்கிறது, அதில் ஏறினால் விழுவேன், வேறு ஏணி தந்தால் உடனே ஏறுகிறேன், அதுவரை கீழே உள்ள வேலையைச் செய்கிறேன்” என்று காரணத்தையும் மாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலாளியின் ஆதரவில் கிடைக்கும் ஸ்பான்சர் விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் விசாவும் போய்விடும் என்ற அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் பாதுகாப்புக் கடமைகள் விசாவின் வகையைப் பார்ப்பதில்லை. அதனால்தான் எழுத்துச் சான்றுகளை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள், ஒரு தொழிற்சங்கத்தில் முன்கூட்டியே உறுப்பினராகுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். பிரச்சினை வந்த பிறகு சேருபவர்களுக்குப் பழைய பிரச்சினையில் சட்ட உதவி தரப் பல சங்கங்கள் மறுத்துவிடும்.

இப்படி நீக்கப்பட்டாலோ பாதகத்துக்கு உள்ளானாலோ வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கலாம்; அங்கே போகும்முன் ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் பதிவு செய்யவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. நிகழ்ச்சி நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதையே உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொண்டு அதற்கு முன்பே ஏகாஸை அழையுங்கள். காயத்துக்கான இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அந்த வழக்கில் வழக்கறிஞர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது விபத்துப் பதிவேட்டின் பக்கம், அந்த வாரத்தின் ரோட்டா (யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணை), சம்பளச் சீட்டு, நீங்கள் மேலாளருக்கு அனுப்பிய செய்தி, முதல் நாள் குறித்துக்கொண்ட அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் ஆகிய ஐந்தையும்தான்.